ஆளுக்கேற்ற ஆட்டம்

2015 ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை. காலையில் ஷா ஆலாம் அலுவலகத்தில் இருக்க வேண்டிய நான், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டு வரவேற்பறையில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தேன். காரணம் கேட்ட அம்மாவிடம் "பந்து விளையாட்டு" என்றேன். "விடிஞ்ச பிறகு எந்த ஊருல பந்து விளையாடுறாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அப்போது திங்கள் இரவு. கல்லூரி அளவிலான அமெரிக்கக் காற்பந்தின் தேசிய இறுதி ஆட்டம் தொடங்கவிருந்தது. ஒரு பக்கம் ஓரிகன் பல்கலைக்கழகம். மறுபக்கம் நான் முதுகலை படித்த ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். என் பல்கலைக்கழகத்தின் குழுவை அன்று வழிநடத்தியவர், அந்தப் பருவம் தொடங்கும்போது வரிசையில் மூன்றாவதாக நின்ற ஆட்டக்காரர்.

அன்று மனத்தில் வேறொரு விஷயமும் இருந்தது. அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் ஒரு படிவம் கிடந்தது. என் குழுவில் தகுதிகாண் காலத்தில் இருந்த ஓர் இளைஞரை வேலையில் உறுதிப்படுத்தலாமா, வேண்டாமா என்று மாத இறுதிக்குள் நான் எழுதித் தர வேண்டும். "வேண்டாம்" என்று எழுத ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டேன். அந்தப் படிவத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டென்று அன்று காலை எனக்குத் தெரியாது.

குவாட்டர்பேக் என்பவர் யார்?

மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே இங்கிலாந்து லீக் ஆட்டம் பார்க்கும் நமக்கு, அமெரிக்கக் காற்பந்து முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். கொலம்பஸ் நகரில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஒஹையோ பையன்தான் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

பக்கத்துக்குப் பதினொரு பேர். திடலின் நீளம் 100 யார்டு. பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிக்குள் 10 யார்டாவது, அதாவது சுமார் ஒன்பது மீட்டராவது, முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்படியே எதிரணியின் எல்லையைத் தாண்டினால் அது டச்டவுன், ஆறு புள்ளி.

நம் காற்பந்தைப் போல ஆட்டம் தொடர்ந்து ஓடாது. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் நின்று, அடுத்த முயற்சிக்கான திட்டத்தைப் பயிற்றுநர் திடலுக்குள் அனுப்புவார். யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வரைந்து, மனப்பாடம் செய்தவை. அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துச் செயல்படுத்துபவர்தான் குவாட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்கு வரும். பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து ஓடச் சொல்லலாம், தூரத்தில் ஓடுபவருக்கு எறியலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடி. நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ள நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ள ஓடிவந்துகொண்டிருப்பார்கள்.

தொழில்முறைக் குழுவுக்கு வேண்டிய ஆட்டக்காரர் இல்லாவிட்டால் பணம் கொடுத்துக் கொண்டுவரலாம், மாற்றிக்கொள்ளலாம். 2014ல் கல்லூரிப் பயிற்றுநருக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சேர்த்த மாணவர்கள்தாம் அவர் கையில் இருந்தார்கள். 2014ல் இருந்த விதிப்படி, வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் மாணவர் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். பருவம் நடக்கும்போது பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. அவர்கள் வகுப்புக்கும் போகிற மாணவர்கள். ஆகவே, உள்ள ஆளை வைத்துக்கொண்டு, உள்ள நேரத்துக்குள், அவருக்கு முடிந்ததைச் சுற்றியே ஆட்டத்தை அமைக்க வேண்டியிருந்தது.

பதினொன்றுக்குப் பத்து

ஒஹையோவின் தலைமைப் பயிற்றுநர் அர்பன் மையர். அவருடைய தாக்குதல் முறைக்கு அடிப்படை ஓர் எளிய கணக்கு.

குவாட்டர்பேக் பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டால், அந்த முயற்சியில் அவர் பார்வையாளர் மாதிரிதான். பந்தைச் சுமந்து ஓடுபவர் ஒருவர் போக, அவருக்காக எதிராளிகளைத் தடுக்க ஒன்பது பேர்தாம் மிஞ்சுவார்கள். எதிரணியிலோ பதினொரு பேர் அவரைப் பிடிக்க வருகிறார்கள். கணக்கு எப்போதும் உதைக்கும்.

ஆனால், குவாட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் என்றால் கதை வேறு. எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் பந்தைப் பக்கத்து ஆளின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஓரத்து ஆளையே பார்ப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அவர் விட்டுவந்த இடத்தின் வழியே தானே ஓடுவார். அவர் வெளியே காத்து நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். தொட்டுக்கூடத் தடுக்காமல் எதிரணியில் ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கியாயிற்று.

அழகான திட்டம்தான். ஆனால், ஓடத் தெரியாத குவாட்டர்பேக் வாய்த்தால்?

மையருக்கு அந்த அனுபவம் முன்பே உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் 2004ல் எல்லா ஆட்டங்களையும் வென்றுவிட்டு, 2005ல் அவர் ஃபுளோரிடாவுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தவர் கிறிஸ் லீக். முந்தைய பயிற்றுநர் சேர்த்த ஆட்டக்காரர். நின்ற இடத்திலிருந்து துல்லியமாக எறிவார்; ஓட்டம் அவருடைய பலம் அல்ல. யூட்டாவில் வெற்றி தந்த முறையை அவர்மீது ஏற்றிப் பார்த்ததில் முதல் பருவம் தடுமாறியது. மூன்று ஆட்டங்களில் தோல்வி.

காலுக்காகத்தான் செருப்பு, செருப்புக்காகக் காலை வெட்ட முடியாது. 2006ல் ஃபுளோரிடா லீக்கை எறியவிட்டது. ஒன்றிரண்டு யார்டுக்காக முட்டி மோத வேண்டிய இடங்களில் மட்டும் டிம் டீபோ என்ற முதலாமாண்டு மாணவரை இறக்கியது. இருவருக்கும் தனித்தனி வேலை. இருவருக்கும் தங்கள் வேலை எது என்று தெரியும். அந்தப் பருவத்தின் தேசிய இறுதியில் ஃபுளோரிடா 41-14 என்று வென்றது. அன்று தோற்ற அணி எது தெரியுமா? ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம்.

முதல் ஆள், இரண்டாம் ஆள்

நான் கொலம்பஸில் இருந்த 2012, 2013 பருவங்களில் அங்கே குவாட்டர்பேக் ப்ரேக்ஸ்டன் மில்லர். எறிவதைவிட ஓடுவதில்தான் கெட்டிக்காரர். இரண்டு பருவத்திலும் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். இடுப்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் நழுவுவார். லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அந்த அரங்கத்தில், அவர் பந்தோடு ஓடத் தொடங்கினாலே எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். மையரின் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலிருந்தார். தொடர்ந்து 24 ஆட்டங்களில் வெற்றி.

2014 ஆகஸ்டில் நான் ஊர் திரும்பியிருந்தேன். பருவம் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், பயிற்சியின்போது மில்லரின் எறியும் தோள் மறுபடியும் காயப்பட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆட முடியாது என்று செய்தி வந்தது.

அடுத்து நின்றவர் ஜே.டி. பேரட். டெக்சஸ்காரர், அதுவரை ஒரு கல்லூரி ஆட்டத்திலும் இறங்காதவர். செப்டம்பர் 6ஆம் தேதி, சொந்தத் திடலில் வெர்ஜினியா டெக்கிடம் 35-21 என்று குழு தோற்றது. பேரட் எறிந்த 29 பந்தில் 9 மட்டுமே சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றை எதிரணி பிடித்தது. ஏழு முறை அவரைக் கீழே தள்ளினார்கள்.

வெர்ஜினியா டெக் செய்தது ஒரு துணிச்சலான காரியம். தற்காப்பு ஆட்டக்காரர்களை முன்வரிசைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து ஓட்டத்துக்கான வழியை அடைத்தது. பின்னால் பெரிய வெளி காலியாகவே கிடந்தது. 'முடிந்தால் தூரம் எறி, பார்க்கலாம்' என்பதுதான் அதன் பொருள். புதியவரான பேரட்டால் அந்த வெளியைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை ஐவரில் நால்வர் புதியவர்கள் என்பதால் நின்று எறிய நேரமும் இல்லை.

அன்று ஒஹையோ ரசிகர்கள் பலர் பருவம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், மையரும் தாக்குதல் பயிற்றுநர் டாம் ஹெர்மனும் பேரட்டை மில்லராக்க முயலவில்லை. பேரட்டின் கை அவ்வளவு வலுவானதில்லை. மில்லரைப் போல மின்னலாக நழுவவும் மாட்டார். ஆனால், பதற்றமில்லாதவர், பார்த்தவுடன் முடிவெடுப்பார், பந்தைச் சட்டென்று கையிலிருந்து விடுவார், பெரும்பாலும் சரியான ஆளுக்கே விடுவார். ஆகவே, தாக்குதல் வேகமான ஒன்றாக மாறியது. குறுகிய தூர எறிதல்கள், பந்தைப் பக்கவாட்டில் கொடுத்து ஓடவிடும் முயற்சிகள், எதிரணி மூச்சுவிடுவதற்குள் அடுத்த முயற்சி. எறிபவர் நெடுநேரம் நிற்க வேண்டாம் என்பதால் முன்வரிசையின் அனுபவமின்மையும் மறைந்தது.

அதன்பின் அந்தப் பருவத்தில் ஒஹையோ தோற்கவே இல்லை. பேரட் எறிந்தும் ஓடியும் 45 டச்டவுன்கள் தேடித்தந்தார். கடைசியாக நவம்பர் 29ஆம் தேதி, பரம எதிரியான மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தின் நான்காவது காற்பகுதியில் அவருடைய கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆட்டத்தை 42-28 என்று வென்றார்கள். ஆனால், குவாட்டர்பேக் மருத்துவமனையில்.

ஒரே ஒரு வாரம்

மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ். கிளீவ்லண்ட் நகரத்துப் பையன். ஏறக்குறைய 1.96 மீட்டர் உயரம், 113 கிலோ எடை. ஒரு கல்லூரி ஆட்டத்தையும் முதல் ஆளாகத் தொடங்கியதில்லை. அதுவரை அவருக்குப் பெயர் வாங்கித்தந்தது ஆட்டம்கூட அல்ல. 2012ல் டுவிட்டரில் எழுதிய ஒரு வரி. காற்பந்து ஆட வந்தவர்கள் எதற்காக வகுப்புக்குப் போக வேண்டும் என்று கேட்டு, ஊர் சிரிக்க மாட்டிக்கொண்டவர்.

டிசம்பர் 6ஆம் தேதி பிக் டென் லீக் இறுதி. எதிரணி விஸ்கோன்சின், நாட்டின் வலுவான தற்காப்புகளில் ஒன்று அவர்களுடையது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக நான்கு குழுக்களைத் தேர்ந்தெடுத்துத் தேசிய அரையிறுதி நடத்தவிருந்தார்கள். தேர்வுக் குழுவின் பட்டியலில் ஒஹையோ ஐந்தாவது இடத்தில் இருந்தது. வென்றால் மட்டும் போதாது. குவாட்டர்பேக் இல்லாத குழு என்ற சந்தேகத்தையும் துடைத்தாக வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு வாரம்.

அந்த வாரத்தில் ஜோன்ஸுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, ஐந்து யார்டு எறிவது சுலபம், ஐம்பது யார்டு எறிவது கடினம். புதிய ஆளுக்குச் சுலபமானதையே கொடுப்போம் என்றுதான் தோன்றும். ஆனால், பேரட் செய்துவந்த குறுகிய எறிதலுக்கு வேண்டியது கண்ணும் காலக்கணக்கும். நாலைந்து தற்காப்பு ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதை ஒரே பார்வையில் படிக்க வேண்டும். அரை வினாடி பிந்தினால் பந்து எதிரி கையில். பல மாதப் பழக்கத்தில் வருவது அது. நெடுந்தூர எறிதலுக்கு வேண்டியது முக்கியமாகக் கை வலு. அது ஜோன்ஸிடம் ஏராளமாக இருந்தது. பார்க்க வேண்டியதும் குறைவு. ஓடுபவர் ஒருவர், அவரைக் காப்பவர் ஒருவர், முந்துகிறாரா, இல்லையா? அவ்வளவுதான்.

அதாவது, பேரட்டுக்குச் சுலபமாக இருந்தது ஜோன்ஸுக்குக் கடினம். பேரட்டுக்குக் கடினமாக இருந்தது ஜோன்ஸுக்குச் சுலபம்.

ஆக, குழுவின் மொழியை மாற்றவில்லை. தடுப்பவர்கள் தடுக்கும் முறை, முயற்சிகளின் பெயர்கள், அந்தப் பதினொன்றுக்குப் பத்து கணக்கு, எல்லாம் பழையபடியே. ஒரு வாரத்தில் மற்ற பத்துப் பேரும் புதிதாக எதையும் கற்கத் தேவையிருக்கவில்லை. மாறியது எதை எவ்வளவு பயன்படுத்துவது என்பதுதான். எசக்கியல் எலியட் என்ற ஓட்டக்காரரின் தோளில் கூடுதல் சுமை ஏறியது. அவரைத் தடுக்க எதிரணி முன்னே நெருங்கி வந்தால், பின்னால் காலியாகும் வெளியில் டெவின் ஸ்மித் ஓடுவார். ஜோன்ஸ் தூக்கி எறிவார். ஓரிரு யார்டு தேவைப்படும் இடத்தில் 113 கிலோ உடம்பே போதும். தலையைக் குனிந்து முட்டிக்கொண்டு போகலாம்.

விஸ்கோன்சினுக்கு எதிராக முதல் தாக்குதலிலேயே ஜோன்ஸ் எறிந்த பந்து 39 யார்டு டச்டவுனாக ஸ்மித்தின் கையில் விழுந்தது. அன்று அவர் எறிந்தது 17 பந்து மட்டுமே, 12 சேர்ந்தன, ஸ்மித்துக்கு மூன்று டச்டவுன். எலியட் 220 யார்டு ஓடினார். ஆட்டம் முடிந்தபோது 59-0. மறுநாள் தேர்வுக் குழு ஒஹையோவை நான்காவது இடத்துக்கு ஏற்றியது.

ஜனவரி 1ஆம் தேதி அரையிறுதியில், முதல்நிலைக் குழுவான அலபாமாவிடம் 21-6 என்று பின்தங்கியிருந்து 42-35 என்று வென்றார்கள். எலியட் 230 யார்டு. ஜோன்ஸ் எறிந்த 35 பந்தில் ஏறக்குறைய பாதி தவறின. ஆனால், வேண்டிய இடத்தில் ஸ்மித்துக்கு 47 யார்டு டச்டவுன் ஒன்று போய்ச் சேர்ந்தது.

இழுப்பறையில் கிடந்த படிவம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலைக்குத் திரும்புகிறேன். ஓரிகன் குழுவின் குவாட்டர்பேக் மார்கஸ் மரியோட்டா, அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருது பெற்றவர். ஒஹையோ நான்கு முறை பந்தை எதிரணியிடம் தொலைத்தது. அதில் இரண்டு ஜோன்ஸின் கணக்கு. சாதாரணமாக அந்த இடத்திலேயே தோற்றிருக்க வேண்டும். ஆனால், எலியட் 36 முறை பந்தைச் சுமந்து 246 யார்டு ஓடி, நான்கு டச்டவுன் எடுத்தார். ஒரு முறை ஜோன்ஸே பந்தோடு ஓடி, தடுக்க வந்த பெரிய உடம்புக்காரர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். 42-20. முதல் ஆளாகத் தொடங்கிய முதல் மூன்று ஆட்டங்களிலேயே ஜோன்ஸ் லீக் பட்டமும் தேசியப் பட்டமும் வென்றார்.

மதியம் அலுவலகம் போனேன். இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

அந்த இளைஞர் வந்த இடத்தில் முன்பு இருந்தவர் பேச்சில் வல்லவர். வாடிக்கையாளர்கள் முன் நின்று அரை மணி நேரம் பேசினால் வேலை நமக்குத்தான். அவர் போனதும் புதியவரிடம் அதே வேலைப் பட்டியலை, ஒரு வரி மாற்றாமல், நான் கொடுத்திருந்தேன். முதல் கூட்டத்திலேயே குரல் நடுங்கியது. இரண்டாவது கூட்டத்தில் பாதியில் நின்றுவிட்டார். மூன்றாவது கூட்டத்துக்கு முன்தினம் என்னிடம் வந்து சொன்னார்: "அண்ணே, பேசணும்னா எனக்கு மொத நாளு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. கணக்கு, வரைபடம் எதுனாலும் எவ்வளவு வேணும்னாலும் குடுங்க, செஞ்சிடுறேன்." அதைச் சாக்கு என்று நினைத்தேன். "பேசப் பேச வரும்" என்று அனுப்பிவைத்தேன். வரவில்லை.

படிவத்தில் 'பலவீனம்' என்ற கட்டம் நிரம்பியிருந்தது. 'பலம்' என்ற கட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்த நான்கு மாதத்தில் மற்றவர்களின் வரைபடத்தில் இருந்த தவறுகளை யாரும் கேட்காமலே கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். ஒரு முறை அவர் காட்டிய தவறு, கட்டுமானத் தளத்துக்குப் போயிருந்தால் இடித்துக் கட்ட வேண்டிய அளவுக்குப் பெரியது. அதற்கு நான் நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அவரைத் தடுமாற வைத்தது என் வேலைப் பட்டியல்தான். போனவருக்காகத் தைத்த சட்டையை வந்தவருக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லை என்று ஆளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் "உறுதிப்படுத்தலாம்" என்று எழுதினேன். வேலைப் பட்டியலை மாற்றினேன். வரைபடச் சரிபார்ப்பு முழுவதும் அவரிடம். வாடிக்கையாளர் கூட்டத்தில் நான் பேசுவேன். கணக்கு பற்றிய கேள்வி வந்தால் மட்டும் அவர் பதில் சொல்வார். தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் குரல் நடுங்கவில்லை.

மறைத்த பலவீனம் மறைந்துவிடாது

இதோடு கதையை முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால், ஒஹையோவின் கதை அங்கே முடியவில்லை.

2015ல் பேரட் குணமாகி வந்தார். ஜோன்ஸும் கல்லூரியிலேயே தங்கினார். தாக்குதல் பயிற்றுநர் ஹெர்மன் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகப் போய்விட்டார். கையில் இரண்டு நல்ல குவாட்டர்பேக்குகள். இனி யார் அசைக்க முடியும் என்று நினைத்தோம். மில்லருக்கு மட்டும் வழி பிறந்தது. எறிய முடியாத தோளோடு, பந்து பிடிப்பவராக இடம் மாறினார். முதல் ஆட்டத்திலேயே, போன ஆண்டு தோற்கடித்த அதே வெர்ஜினியா டெக்குக்கு எதிராகச் சுழன்று ஓடி அவர் எடுத்த டச்டவுன் இன்றும் பேசப்படுகிறது.

ஆனால், குவாட்டர்பேக் இடத்தில் அந்தத் தெளிவு இல்லை. ஜோன்ஸ் தொடங்கினார், பேரட் இடையில் வந்தார், பிறகு பேரட் தொடங்கினார், மறுபடியும் ஜோன்ஸ். ஃபுளோரிடாவில் லீக்கும் டீபோவும் வெவ்வேறு வேலை செய்தார்கள். இங்கே இருவரும் ஒரே நாற்காலிக்காகக் காத்திருந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு திட்டம் போட்டால் அது ஒருவருக்கும் பொருந்தாது. நவம்பர் 21ஆம் தேதி மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்றார்கள். முந்தைய பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் 696 யார்டு ஓடிய எலியட்டிடம் அன்று பந்து போனது 12 முறை மட்டுமே. அந்த ஒரு தோல்வியால் பட்ட வாய்ப்பு போனது.

இன்னொன்றும் உண்டு. பேரட்டின் நெடுந்தூர எறிதல் பலவீனம் 2014ல் நன்றாகவே மறைக்கப்பட்டது. ஆனால், மறைப்பதும் திருத்துவதும் ஒன்றல்ல. 2016 டிசம்பர் 31ஆம் தேதி தேசிய அரையிறுதியில் கிளெம்சன் குழுவிடம் ஒஹையோ ஒரு புள்ளிகூட எடுக்காமல் 31-0 என்று தோற்றது. குவாட்டர்பேக் பேரட்தான். ஒரு பருவத்துக்கு மறைத்து வைக்கலாம். வலுவான எதிரி வரும்போது அந்த இடத்தைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பான்.

ஆகவே, இது பலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பலவீனத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் விவகாரம் அல்ல. சனிக்கிழமை ஆட்டம் என்றால், திங்கட்கிழமை பலவீனத்தைத் திருத்த நேரமில்லை. அந்த வாரம் பலத்தைச் சுற்றித்தான் திட்டம். பருவம் முடிந்த பின் வரும் நீண்ட மாதங்கள்தாம் பலவீனத்தைத் திருத்துவதற்கானவை. எது அவசர வாரம், எது நீண்ட மாதம் என்று தெரிந்து நடப்பவர்தான் நல்ல பயிற்றுநர்.

நானும் அதைத் தாமதமாகத்தான் செய்தேன். படிவம் எழுதி ஆறு மாதம் கழித்துத்தான், அலுவலகத்துக்குள் நாலு பேர் முன்னால் மட்டும் மாதம் ஒரு முறை பத்து நிமிடம் பேசும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தினேன். அவர் பெரிய பேச்சாளர் ஆகவில்லை. ஆனால், இரண்டாண்டு கழித்து வேறு நிறுவனத்துக்குப் போகும்போது, விடைபெறும் விருந்தில் எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினார். கையில் தாள் இல்லை.

வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்ட கார்டேல் ஜோன்ஸ் என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன். 2016ல் தொழில்முறைக் குழு ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் விட்ட பாடங்களை முடித்து, 2017 மே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஐந்து ஆண்டுக்கு முன் தாம் எழுதிய அந்த வரியைக் கேலி செய்து பட்டமளிப்புத் தொப்பியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இவன்தானா அன்னைக்குக் காலையில பந்து விளையாடினவன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "படிச்சு முடிச்சிட்டானே, அது போதும்" என்றார்.